பன்னிரண்டுக்கு இருபுறமும் கமா

எங்கள் கண்ணாடித் தொழிற்சாலையில் என் அட்டை எண் பன்னிரண்டு. பதினெட்டு வருடமாக உலைக்கூடத்தில் வேலை. ஷிப்ட் பொறுப்பை என்னிடம் ஒப்படைப்பதாக மேலாளர் சொல்லியிருந்த நாளன்று, கதவில் அட்டையைக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பாதுகாப்புப் பயிற்சிக்கு வராதவர்களைத்தான் அந்தக் கதவு தடுக்கும்.

"நீங்களே மட்டம் போட்டா, நாளைக்கு உங்க பேச்சை யார் கேப்பாங்க? பொறுப்பை வேற ஆள்கிட்ட கொடுக்க வேண்டியதுதான்" என்றார் மேலாளர், பத்துப் பேர் முன்னால். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தவள் நான்.

நேரே கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த கணினிக்காரத் தம்பியிடம் போனேன். திரையில் தடுப்புப் பட்டியல், மூன்று அட்டை எண்கள், நடுவே கமா போட்டு ஒரே வரியாக இருந்தது: 7,112,340.

"இதுல பன்னெண்டு எங்கப்பா இருக்கு?"

"இல்லைதான். ஆனா மெஷின் பொய் சொல்லாதுக்கா."

"நூத்திப் பன்னெண்டோட வாலைப் பிடிச்சுக்கிட்டு என் மானத்தை வாங்குது, பாரு."

எட்டாம் எண்காரரை அட்டை காட்டச் சொன்னேன். பச்சை. நாற்பதாம் எண்காரர் காட்டினார். சிவப்பு. 340க்குள் 40 இருக்கிறதே. தம்பி தலையைச் சொறிந்தான். எண்ணுக்கு இருபுறமும் கமா சேர்த்துத் தேடும்படி மாற்றினான். எனக்கும் நாற்பதுக்கும் பச்சை விழுந்தது. மேலாளர் வாழ்த்துச் சொல்லக் கை நீட்டினார்.

"இருங்க சார். வரக்கூடாதவங்களை நிறுத்துதான்னு பாக்க வேணாமா?"

ஏழாம் எண் என் வீட்டுக்காரர். என்னைவிட சீனியர் என்று வாய் ஓயாமல் பீற்றிக்கொள்வார். முழங்கால் வலி என்று சொல்லிப் பயிற்சிக்கு டிமிக்கி கொடுத்தவர். அட்டையைக் காட்டினார். பச்சை. பல்லைக் காட்டிக்கொண்டு கதவைத் தள்ளினார். குறுக்கே கை வைத்தேன்.

"தம்பி, வரியில ஏழுக்கு முன்னாடி கமா இல்ல. கடைசி நம்பருக்குப் பின்னாடியும் இல்ல. பட்டியலோட ரெண்டு முனையிலயும் ஒண்ணு போடு."

போட்டான். ஏழு சிவப்பு. 340 சிவப்பு. பன்னிரண்டு பச்சை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"கட்டின புருஷனுக்கே கதவைச் சாத்துறா பாருங்க" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு.

மேலாளர் பொறுப்பாளர் அட்டையை என் கையில் வைத்தார்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்குப் பயிற்சி. முதல் வரிசைல உக்காருங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக, மறுபேச்சில்லாமல் "சரிங்க" என்றார்.