மிதுனாவுக்கு வாய் நோகுது

கவுன்சிலர் என்று எழுதிய அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டபோது எனக்கு வயது இருபது. உயர்தரப் பரீட்சை எழுதி, முடிவும் வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருந்தேன். காத்திருப்பது என்றால், வெள்ளவத்தை பிளாற் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பது. இந்தக் கடும் உழைப்பை மூன்று மாதம் சகித்த அம்மா, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு என்னைப் பாஸ்டர் றேமண்டிடம் ஒப்படைத்தார்.

"அகீலாவுக்குப் பிள்ளைகள் எண்டா உயிர், பாஸ்டர்."

எனக்குத் தெரிந்த ஒரே பிள்ளை மேல்மாடியில் பந்தடிக்கும் பையன். அவனை நான் இரண்டு தடவை ஏசியிருக்கிறேன். வேறு தொடர்பு இல்லை.

பாஸ்டர் றேமண்ட் நல்ல மனிதர். எந்நேரமும் உற்சாகமாக இருப்பது மட்டும்தான் அவரிடமுள்ள குறை. எங்கள் சபைக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம் இருக்கிறது. ஆகஸ்ட் லீவில் அங்கே ஐந்து நாள் சிறுவர் முகாம் நடத்தப்போவதாக அவர் வெளிநாட்டுச் சபை ஒன்றுக்கு எழுதியிருந்தார். அவர்களும் மனம் குளிர்ந்து ஒரு பெட்டி நிறைய ரீசேட்டுகளும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்குக் கவுன்சிலர் அட்டைகளும், தலையணை மொத்தத்தில் ஒரு வழிகாட்டிப் புத்தகமும் அனுப்பிவைத்தார்கள். புத்தகத்தின்படி நாங்கள் காலையில் பிள்ளைகளை ஏரியில் வள்ளம் விடக் கூட்டிப்போக வேண்டும். பிறகு பைன் மரங்களுக்குக் கீழே வட்டமாக இருந்து பாட வேண்டும். எங்கள் மண்டபத்தில் நான்கு மின்விசிறிகள் இருந்தன, மூன்று சுற்றின. பின்பக்கம் ஒரு தண்ணீர்த் தாங்கி இருந்தது.

"ஏரிக்குப் பதிலா தாங்கிய வச்சுக்கொள்ளுங்கோ," என்றார் பாஸ்டர். "கற்பனைதான் முக்கியம்."

அறுபது பிள்ளைகள் வந்தார்கள். பாதிக்கு மேல் ஜிந்துப்பிட்டிப் பக்கத்துச் சைவப் பிள்ளைகள். முருகன் கோயில் திருநீறு நெற்றியில் இருக்க, எங்கள் ரீசேட்டைப் போட்டுக்கொண்டு கைதட்டிப் பாடினார்கள். அவர்களின் பெற்றோருக்கு எந்த மதக்குழப்பமும் இருக்கவில்லை. ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை பிள்ளை வீட்டில் இல்லை, திரும்பி வரும்போது ஒரு ரோல்ஸும் சாப்பிட்டிருக்கும். இதைவிட ஒரு கடவுளால் என்ன செய்துவிட முடியும்?

ஏழெட்டு வயதில் பன்னிரண்டு பேரை எனக்குத் தந்தார்கள். குழுவின் பெயர் கழுகுகள். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. சத்தத்தை வைத்துப் பார்த்தால் காகங்கள் என்பது பொருத்தமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு பெண், என் கழுத்து அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பெயர் பாக்கியலெட்சுமி. ஜிந்துப்பிட்டியில் வீட்டோடு தையல் வேலை செய்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டே இருந்தது.

"மிஸ் கவுன்சிலருங்களா? பெரியாஸ்பத்திரியில குடும்பப் பிரச்சினை கேட்டு ஆலோசனை சொல்வாங்களே, அந்த மாதிரியா?"

"இல்லை அக்கா, இது சின்னப் பிள்ளைகளுக்கு…"

"சின்னப் புள்ளைங்களுக்கே செய்றீங்கன்னா பெரியவங்க பிரச்சினை ஒங்களுக்கு லேசுதானே."

இந்தத் தர்க்கத்துக்குப் புத்தகத்தில் பதில் இருக்கவில்லை. அவள் படியில் உட்கார்ந்து, கதையைத் தொடங்கிவிட்டாள். கணவர் வரதராசா ஆமர் வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய தம்பி வீடு குடிபுகுந்தபோது, மனிதர் எல்லோர் முன்னாலும் ஒரு பக்திப்பாட்டுப் பாடியிருக்கிறார். இவள் நடுவில், "போதும், சோறு ஆறுது," என்று சொல்லியிருக்கிறாள். வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு வாயை மூடியவர் இன்னும் இவளோடு ஒரு சொல் பேசவில்லை.

"அப்ப வீட்டில அலுவல்கள் எப்படி நடக்குது?" என்று கேட்டேன்.

"மிதுனா இருக்காளே."

மிதுனா பக்கத்தில் புத்தகப்பையோடு நின்றாள். என் கழுகுகளில் ஒருத்தி, ஏழு வயது. "அம்மா, இத அப்பாகிட்ட சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"இது இல்லடி. இது மிஸ்ஸுக்கு."

அன்றைய பாடத்தாளில், சிரிக்கும் ஆட்டுக்குட்டிப் படத்துக்குக் கீழே, மன்னிப்புக் கேட்பது பற்றி இரண்டு வரி இருந்தது. இருபது வயதுக் கவுன்சிலரிடம் வேறு என்ன இருக்கும்? "நீங்கள் மன்னிப்புக் கேட்டுப் பாக்கலாமே அக்கா," என்றேன்.

"கேட்டேனே மிஸ். மிதுனாகிட்ட சொல்லிவிட்டேன்."

"என்ன சொன்னவர்?"

பதிலை மிதுனா சொன்னாள். முதலில் தொண்டையைச் செருமினாள். பிறகு குரலை அடிவயிற்றுக்கு இறக்கி, "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு," என்றாள். சந்தித்திராத வரதராசா அந்தப் படியில் வந்து நின்றுவிட்டுப் போனதுபோல இருந்தது.

செவ்வாய்க்கிழமை காதோடு காது சொல்லும் விளையாட்டு. பிள்ளைகளை வரிசையில் இருத்தி, முதல் பிள்ளையின் காதில், "தாவீது கூழாங்கல் எடுத்தான்," என்றேன். கடைசிப் பிள்ளை எழுந்து, "தாத்தா கோழிக்கறி எடுத்தார்," என்றது. மண்டபம் குலுங்கியது. விளையாட்டின் பயனே அதுதான். ஆனால் இரண்டாம் முறை மிதுனா நடுவில் இருந்தாள். காதில் விழுந்ததை அடுத்தவனுக்குச் சொல்லாமல் எழுந்துபோய், முதல் பிள்ளையிடம் சரிதானா என்று கேட்டுவிட்டு வந்தாள். பிறகு கடைசிப் பிள்ளைவரைக்கும் கூடவே நடந்து, ஒவ்வொருவரையும் திருத்தினாள்.

"மிதுனா, பிழையாப் போனாத்தான் பம்பல், எல்லாரும் சிரிக்கலாம்," என்றேன்.

"பிழையாச் சொன்னா சண்டை வரும், மிஸ்," என்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

புதன்கிழமை செப வேளை. ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்லவேண்டும். ஒருவன் கிரிக்கெட் மட்டை கேட்டான். ஒருத்தி, பள்ளிக்கூடம் திறக்கும் அன்று பார்த்து வெள்ளம் வரவேண்டும் என்று கேட்டாள். மிதுனாவின் முறை வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு வாய் நோகுது. கொஞ்ச நாளைக்கு அவங்களே பேசிக்கட்டும்."

விண்ணப்பம் சொன்ன ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி ஸ்ரிக்கர் கொடுக்கச் சொல்லியிருந்தது புத்தகம். கொடுத்தேன். மிதுனா அதை வாங்கி ரீசேட்டில் ஒட்டிக்கொண்டு, "தேங்க் யூ மிஸ்," என்றாள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அந்த ஸ்ரிக்கர்தான் நினைவில் நின்றது. ஒரு குழந்தை கடவுளிடம் லீவு கேட்கிறது. நான் பிளாஸ்ரிக் வண்ணத்துப்பூச்சி கொடுக்கிறேன். வெள்ளவத்தைச் சந்தை தாண்டி இரண்டு தரிப்பு போனபிறகுதான் இறங்கவேண்டிய இடம் போய்விட்டதைக் கவனித்தேன்.

வியாழக்கிழமைக்குப் புத்தகத்தில் மௌன நடை இருந்தது. பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய், ஒரு மணிநேரம் பேசாமல் பறவைகளின் ஒலியைக் கேட்க வைக்கவேண்டும். வாசலில் வந்து பார்த்தேன். துறைமுகத்துக் கொள்கலன் லொறி ஒன்று பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. நாலு திறீவீலர்கள் அதற்கு ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. பறவை என்று பார்த்தால் குப்பைக்கூடையில் ஒரு காகம். அந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. இப்போது யோசித்தால், செய்யாமல் இருந்திருக்கலாம்.

"கழுகுகளுக்கு மட்டும் ஒரு ரகசியப் போட்டி," என்றேன். "இண்டைக்கு வீட்ட போனதில இருந்து நாளைக்குக் காலமை இங்க வரும்வரைக்கும் ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. வெல்லுற ஆக்களுக்கு ரெண்டு ரோல்ஸ்."

"எழுதிக் காட்டலாமா மிஸ்?" என்றான் ஒருவன்.

"இல்லை."

"சைகை?"

"அவசரத்துக்கு மட்டும்."

மிதுனாவைப் பார்த்தேன். அவள் அதற்குள் வாயை மூடிவிட்டிருந்தாள்.

பெற்றோருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பாக்கியலெட்சுமிக்கும் தெரிந்துவிடும், திட்டம் பாழ். மற்றப் பதினொரு வீடுகளிலும் பெற்றோர் இருப்பார்கள் என்பது என் நுட்பமான திட்டத்தில் இடம்பெறவில்லை.

வெள்ளி காலை நான் பஸ்ஸால் இறங்கியதும், மண்டபத்துக்கு எதிர்க்கடை இப்றாஹிம் நானா கூப்பிட்டார்.

"என்ன மகள், ஒங்கட புள்ளைகளுக்கு என்ன நடந்த? நேத்து பின்னேரம் நாலஞ்சு பேர் வந்து கையக் கால ஆட்டிக் காட்டுதுகள். டொபி கேக்குதா, வலிப்பு வந்திருக்கா, ஒண்டும் வெளங்கல்ல."

வாசலில் எட்டொன்பது பெற்றோர் நின்றார்கள். ஒரு தாய் பிள்ளையை டொக்டரிடம் கொண்டுபோய், தொண்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்து, கொப்பளிக்க மருந்தும் வாங்கியிருந்தாள். இன்னொரு பிள்ளையின் கையில் புதுக் கறுப்பு நூல். ஒரு தகப்பன், "ஜெபம் பண்ணிப் புள்ளைங்க நாக்கைக் கட்டிட்டீங்க, பொலிசுக்குப் போவேன்," என்று நின்றார். இவர்களுக்குப் பின்னால் என் கழுகுகள், உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு, வெற்றியில் கன்னம் வீங்க நின்றார்கள். பன்னிரண்டு பேரில் தோற்றவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் உளறியது நித்திரையில்.

பாஸ்டர் றேமண்டின் முகத்தில் உற்சாகம் இல்லாததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"அகீலா, இது புத்தகத்தில எத்தனையாம் பக்கம்?"

"புத்தகத்தில இல்லை பாஸ்டர். கற்பனை."

அவர் ஒவ்வொரு பெற்றோராகப் பிடித்து, கும்பிட்டு, விளக்கி, உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பாக்கியலெட்சுமி வந்தாள். தனியாக அல்ல. பக்கத்தில் மெலிந்த ஒரு மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனையோடு. மிதுனா கொடுத்த குரலை வைத்து நான் ஒரு பூதத்தை எதிர்பார்த்திருந்தேன். வரதராசா என் தோளுக்குத்தான் வந்தார். ஆனால் கோபம் ஆளைவிடப் பெரிது.

"நீங்கதானா கவுன்சிலர்? என்னா வேலை செஞ்சிருக்கீங்க? நேத்து பின்னேரத்துல இருந்து புள்ளை வாயத் தொறக்கல!"

"டீ வேணுமான்னு அப்பாகிட்ட கேளுன்னு சொன்னேன் மிஸ், செலை மாதிரி நிக்கிறா," என்றாள் பாக்கியலெட்சுமி.

"ஒனக்கு என்னா வருத்தம்னு அம்மாவப் பாக்கச் சொல்லுன்னு நானும் சொல்றேன், அசையல. அப்புறம் நானே சொன்னேன், காய்ச்சலான்னு தொட்டுப் பாருன்னு."

"நான் முன்னாடியே பாத்துட்டேன்னு சொன்னேன்."

"நீ எங்க பாத்த? கையில ஊசிய வச்சிக்கிட்டு நெத்தியத் தொட்டா சூடு தெரியுமா?"

"நாக்க நீட்டச் சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன்."

"நீங்க சொன்னது டோர்ச் எடுத்துட்டு வான்னு. நாக்குன்னு சொன்னது நானு."

இருவரும் என்னை ஏச வந்தவர்கள். இப்போது என் பக்கம் திரும்பாமலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றார்கள். பேசாமல் இருந்திருந்தால் நான் புத்திசாலி. "அண்ணா," என்றேன், "நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறீங்கள்."

வரதராசா மனைவியைப் பார்த்தார். மனைவி படியைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருமே பழக்கதோஷத்தில் மிதுனாவைப் பார்த்தார்கள். அவள் வாயை மூடியபடி தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"அது… புள்ள விசயம்," என்றார் வரதராசா. "அது வேற."

"ஆமா, அது வேற," என்றாள் பாக்கியலெட்சுமி.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரு விஷயத்தில் உடன்பட்டிருந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை.

"ஆனா அன்னைக்கு நீங்க பாடினது நீளம்தான்."

"நாலு சரணம்!"

"ஆறு."

"நாலு! ஒன் தம்பிகிட்ட வீடியோ இருக்கு, வா, எண்ணிப் பாப்போம்!"

பாஸ்டர் ஓடிவந்து இருவரையும் கதிரையில் இருத்தினார். என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், தாழ்ந்த குரலில், இன்றைய நிறைவு விழாவில் கழுகுகளை வேறொருவர் மேடையேற்றுவார் என்றார். எனக்குச் சமையலறையில் சர்பத் கலக்கும் ஊழியம் ஒதுக்கப்பட்டது. அங்கிருந்து விழா நன்றாகவே கேட்டது. வெளிநாட்டுச் சபைக்கு அனுப்பும் வீடியோவுக்காகப் பாஸ்டர், இந்த முகாமால் குடும்பங்களுக்குள் பெரிய மாற்றம் உண்டாகியிருக்கிறது என்று முழங்கினார். உற்சாகம் திரும்பிவிட்டது. பொய் என்றும் சொல்ல முடியாது.

போட்டியில் வென்ற பத்துப் பேரும் சமையலறைப் பின்யன்னலுக்கு வந்து கைநீட்டினார்கள். மேடையில் பரிசு கொடுக்கப் பாஸ்டர் தடை போட்டிருந்தார். யன்னலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மிதுனா கடைசியாக வந்தாள். இரண்டு ரோல்ஸையும் வாங்கி, ஒன்றைக் கடித்து, மெல்ல ஆறுதலாகச் சாப்பிட்டாள்.

"போட்டி முடிஞ்சுது மிதுனா. இப்ப கதைக்கலாம்," என்றேன்.

"தெரியும் மிஸ்," என்றாள். "சும்மா இருக்கேன்."

ஒரு மணிக்கு முகாம் கலைந்தது. நான் சர்பத் வாளியைக் கழுவி வெளியே வைத்தபோது, அவர்கள் மூவரும் ஜிந்துப்பிட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். திறீவீலர் பிடிப்போம் என்று பாக்கியலெட்சுமி சொல்ல, இந்தத் தூரத்துக்கு எதற்கு என்று வரதராசா கத்த, ரோட்டே கேட்டது. முன்னால் இரண்டு குரல்களும் போய்வந்துகொண்டிருக்க, இரண்டடி பின்னால் மிதுனா மற்ற ரோல்ஸைக் கடித்தபடி கடைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.