வரகு கேட்கப் போன பாஞ்சாலை

விருத்தாசலத்திலிருந்து வந்திருந்த விவசாய ஆராய்ச்சிக்காரர் சக்கரபாணி, கோயில் வாசலில் கூடியவர்களிடம் ஊரின் படத்தைத் தரையில் வரையச் சொன்னார். அறுபத்தொன்றாம் வருஷத்தில் எந்தப் புன்செய்க் கொல்லையில் என்ன பயிர் நின்றது, பத்து வருஷம் கழித்து இப்போது என்ன நிற்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

பாஞ்சாலைக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. கோலமாவில் ஓடையும் வண்டிப்பாதையுமாக, இன்றைய ஊர் ஒன்றும் பழைய ஊர் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்தாள். இன்றைய ஊருக்கு எங்கு பார்த்தாலும் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, வைத்தாள். பீங்கான் வேலைக்குக் களிமண் எடுத்த குழிகளில் உடைந்த கப்புச் சில்லைப் பதித்தாள். பழைய ஊருக்குத்தான் வரகு வேண்டும். யார் வீட்டிலும் ஒரு பிடிகூட இல்லை.

"வீராயி வூட்டுல இருக்குது" என்றார் கூட்டத்திலிருந்த ராஜமாணிக்கம். எல்லோரும் பாஞ்சாலையைப் பார்த்துச் சிரித்தார்கள். வீராயி மகள் காதுகுத்துக்குப் பாஞ்சாலை எடுத்துக் கொடுத்த துணியை, சாயம் போகிற துணி என்று வீராயி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் படத்தைப் பாதியில் விடப் பாஞ்சாலைக்கு மனம் வரவில்லை. விறுவிறுவென்று நடந்தாள்.

"யக்கா, கொஞ்சம் வரகு வேணும்."

வீராயி முறத்தைக் கீழே வைத்தாள். "சோத்துக்கு ஒலை வைக்கவா?"

"தரையில போட."

விஷயத்தைக் கேட்டதும் வீராயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ வாக்கப்பட்டு வந்தே எட்டு வருஷம் ஆவல. அப்ப எங்க என்னா இருந்துதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? நானே வந்து போடறேன், நட."

வந்தவள் மளமளவென்று வரகைத் தூவினாள். பாஞ்சாலையின் கொல்லை இருந்த இடத்தில் மட்டும் மடியிலிருந்து எள்ளை எடுத்துப் போட்டாள். "ஒங்க மாமியா எள்ளுதான் வெதைப்பாங்க" என்றாள். பாஞ்சாலைக்கு அது புதுச் செய்தி.

சக்கரபாணி எழுதத் தொடங்குவதற்குள் நாலு கோழிகள் புகுந்து அறுபத்தொன்றாம் வருஷத்தைக் கொத்தித் தின்றுவிட்டன. தோட்டோடு கிடந்த மல்லாட்டையை அவை தொடவேயில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாஞ்சாலை கோழிகளை விரட்ட, வீராயி மறுபடியும் போட்டாள்.

எழுதி முடித்த சக்கரபாணி, "ஆடியில மல்லாட்டையோட ஊடுபயிரா வரகும் எள்ளும் போட்டுப் பாக்கலாமா? யாரு கொல்லை தர்றீங்க?" என்று கேட்டார்.

"என்னுது" என்றாள் பாஞ்சாலை.

"வெத நான் தரேங்க. ஒட்டியிருக்கற எங்கொல்லையிலயும் போடறேன்" என்றாள் வீராயி.

அந்த வருஷம் மழை முன்னே பின்னே ஆனதில் மல்லாட்டை சுமாராகத்தான் வந்தது. வரகு கதிர் குலுங்க நின்றது. தை அறுப்பில் இரண்டு கொல்லைகளிலும் அளந்த சக்கரபாணிக்குக் காது அடைத்துவிட்டது. தன் கதிர்தான் பெரிது என்று இருவரும் வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.