இத்தா வீட்டுப் பூ

ஹமீட் மௌத்தாகி, மனைவி நிஃப்லா மணம் பூசாமல், வெளியே போகாமல் இத்தாவில் இருந்த நாட்களில்தான் அவர் வளர்த்த இரண்டு குட்டிப் பாம் பனைகளும் ஒன்றாகப் பூத்தன. முந்தல் ஊரின் உப்புக்காற்று படாத உள்விறாந்தையில், நிழலிலேயே இடுப்பளவுக்கு வளர்ந்த மரங்கள். ஒன்று ஆண், மற்றது பெண். பெண் பூக்கும்போதெல்லாம் ஆண் பூத்துக் கொட்டியிருக்கும். ஒரு விதையாவது எடுத்துவிட வேண்டுமென்று, ஆண் பூவின் தூளைத் தொட்டுப் பெண் பூவில் தடவ, கையில் பிறஷோடு வருஷக்கணக்காகக் காத்திருந்தே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

லுஹர் தொழுதுவிட்டு நிஃப்லா பிறஷை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆண் மரத்தில் பூக்குலையைக் காணோம்.

"நாந்தான் வெட்டின," என்றாள் ஹமீடுக்கு மூத்தவளான ராத்தா கைருன்னிஸா. "இத்தா வீட்டுல இந்த மணம் என்னத்துக்கு? சனம் என்ன கதைக்கும்?"

"நான் அத்தரா பூசின, மதினி? மரந்தானே மணக்குது! எங்க போட்டீங்க?"

"ஆட்டுக்கு."

நிஃப்லா பின்வளவுக்கு ஓடினாள். ஆடு கடைசிக் காம்பை மென்றுகொண்டிருந்தது. "யா அல்லாஹ்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் ஆட்டின் தாடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருப்பதைக் கண்டாள்.

பிறஷ் எங்கே விழுந்ததோ தெரியவில்லை. கொம்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, வெள்ளை முக்காட்டின் நுனியால் தாடியை ஒற்றி எடுத்தாள். அந்த நுனியைப் பொத்திப் பிடித்தபடி உள்ளே வந்து பெண் பூவின் முன்னால் குந்தினாள்.

கைருன்னிஸா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"மூச்சு விடாதீங்க, மதினி," என்றாள் நிஃப்லா. "ஒங்கட தம்பி பறந்து போயிருவாரு."