கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவே

அன்று மாலை செல் வளர்க்கும் அறையில் இருந்தவர்கள்: தோல் டாக்டர், அந்த அறையைக் கட்டி மேய்க்கும் அக்கா, அவளுடைய தம்பி, ஒரு தட்டில் தம்பி குழந்தையின் தோல் செல்கள், இன்னொரு தட்டில், ஒப்பிட்டுப் பார்க்க, அக்காவின் சொந்தச் செல்கள்.

பிறந்ததிலிருந்தே குழந்தைக்குத் தொட்ட இடமெல்லாம் கொப்புளம். துணி உரசினாலே தோல் வழன்றது. கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். இன்று வீட்டுக்குத் தூக்கிப் போகலாமா என்பதை இந்தத் தட்டுகள்தான் சொல்ல வேண்டும்: கழுவிய பிறகும் செல்கள் தட்டில் ஒட்டி நின்றால் போகலாம்.

நேற்றே சொல்லியிருக்கும். அவசரத்தில் அக்கா, செல்களைப் பெயர்த்தெடுக்க வைத்திருந்த மெக்னீசியம் உப்பு இல்லாத நீரால் கழுவித் தொலைத்தாள். இரண்டு தட்டிலும் செல்கள் கூண்டோடு கழன்று மிதந்தன. அவற்றையே மறுபடி தட்டுகளில் ஒட்டவிட்டு வைத்திருந்தாள்.

"உப்புப் போட மறக்கிறது உனக்குப் புதுசாக்கா? உன் கையால சாப்பிட்டு வளந்தவன் நான்," என்றான் தம்பி. தண்ணீர்தான் தப்பு, பிள்ளை மேல் தப்பில்லை என்று அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் வாயை மூடுறியா?"

"டாக்டர் சொன்னது மண்டையில ஏறல. நீ சொல்லு."

"செல்லுக்குள்ள கயிறு கயிறா ஒரு சட்டம் இருக்குடா. அதுதான் அதோட எலும்பு. வெளியில கொக்கி. அடியில இருக்கிற நார்ப் படுகையை அது புடிச்சுக்கும். கயித்தையும் கொக்கியையும் சேத்துக் கட்டுறது ஒரு முடிச்சு. முடிச்சு இல்லேன்னா, இழுத்ததும் கொக்கி ஒரு பக்கம், செல்லு ஒரு பக்கம்."

"கழுவும்மா," என்றார் டாக்டர்.

இந்த முறை புட்டியின் பெயரை வாய்விட்டுப் படித்தாள். ஊற்றி, மெல்ல ஆட்டி, வடித்தாள். முதலில் தன் தட்டைப் பார்த்தாள். உடும்புப் பிடி. அடுத்து குழந்தையின் தட்டு. வெறும் தரை. வடித்த நீரில் செல்கள் உருண்டு திரிந்தன.

"தண்ணி சரியானதுதானேக்கா?"

"சரியானதுதான்."

"இன்னொரு தடவை பாரேன்."

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "முடிச்சு இல்லை," என்றார்.

"என் பொண்டாட்டி வீட்டுக்குப் போகப் பையெல்லாம் கட்டி வெச்சிட்டாக்கா."

"பிள்ளையைத் தூக்க விடாதே. அக்குள்ல கை குடுத்தா தோலு கையோட வந்துடும். நிக்காதே, ஓடுடா!"

அவன் ஓடினான். அக்கா பின்னாலேயே போனாள். கண்ணாடிக்கு அப்பால் அவன் மனைவி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டில் மேல் குனிந்துகொண்டிருந்தாள். நர்ஸ் அவனை மட்டும் உள்ளே விட்டு, கதவைச் சாத்திப் பூட்டினாள். குழந்தையின் அக்குளுக்குப் போன கைகளை அவன் பிடித்து நிறுத்துவதை அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள்.