வில்வமரச் சந்தின் வெளிநாட்டுக் கொள்கை

நல்லசிவம் பிள்ளைக்கு நாடு போய் நாலு மாதம் ஆகியிருந்தது. சொந்த நாடில்லை, வேலை பார்த்த நாடு. கொடுக்காய்ப்பட்டி சமஸ்தானம் என்று ஒன்று இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை. ஒன்பது கிராமம், ஒரு ஏரி, பதினோரு சிப்பாய்கள், அந்தப் பதினோரு பேருக்கும் சேர்த்து ஏழு சட்டை. இதற்கு இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர் பிள்ளை. வடக்கே ஒரு முரட்டு ஜமீன், தெற்கே வெள்ளைக்காரன் தாலுகா. யார் எதைக் கேட்டாலும் "தங்கள் கோரிக்கை அன்புடன் பரிசீலனையில் இருக்கிறது" என்று பதில் எழுதுவார். அதை எழுதி எழுதியே சமஸ்தானத்தைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். 1948-இல் டில்லியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. ராஜா அதைப் பரிசீலனை பண்ணாமல் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தார். நாடு தீர்ந்தது.

பிள்ளை மந்தைவெளிக்கு வந்து, மனைவி சண்முகவடிவின் தகப்பனார் விட்டுப்போன வீட்டில் குடியேறினார். வீடு வில்வமரச் சந்தில் நாலாவது. என்ன பிரயோசனம்? உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்க ஒரு ஜீவன் இல்லை. "அரைக்கீரை இல்லேன்னா முளைக்கீரை வாங்கியாங்க" என்பதைத் தவிர அவரை நம்பி யாரும் எதையும் ஒப்படைப்பதில்லை. மனுஷன் உள்ளுக்குள் நொந்து போனார். இன்னொரு தரம், ஒரே ஒரு தரம், நாலு பேர் தன்னிடம் வந்து "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் போதும் என்று அடித்துக்கொண்டது மனசு.

அந்தச் சந்துக்கும் ஒரு அரசியல் இருந்தது. மொத்தம் பதினோரு வீடு. நடுவில் ஒரு குழாய், குழாயடியில் ஒரு கல் தொட்டி. வடக்கு முனையில் தணிகாசலத்தின் எருமைக் கொட்டகை. தெற்கு முனையில் அக்பர் பாஷாவின் குதிரை லாயம், ஜட்கா வண்டிகள். எருமைகள் காலையில் தெற்கே குட்டைக்குப் போகும், குதிரைகள் வடக்கே பெரிய ரோட்டுக்குப் போகும். இரண்டும் போகிற வழியில் தொட்டியில் வாய் வைக்கும். சந்துப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எருமை குடித்து முடிக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். பிறகு குதிரை குடித்து முடிக்கிற வரைக்கும்.

பிள்ளை வந்த முதல் மாதமே இதில் தலையிட்டார். இரு தரப்பையும் தனித்தனியாகச் சந்தித்தார், காப்பி கொடுத்தார், ஒப்பந்தம் ஒன்று மூன்று பிரதி எழுதினார். ஆறிலிருந்து ஏழு எருமை, ஏழிலிருந்து எட்டு குதிரை. தணிகாசலம் கைநாட்டு வைத்தான், பாஷா உருதுவில் கையெழுத்துப் போட்டார். எருமைகளிடம் மட்டும் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அவை ஏழே காலுக்குத்தான் எழுந்து வந்தன. அதனால் முன்பு எப்போதாவது முட்டிக்கொண்ட எருமையும் குதிரையும் இப்போது தினசரி, நேரம் தவறாமல், தையல்காரி அமீனா பீயின் வாசலில் முட்டிக்கொண்டன.

அமீனா பீ புருஷனை இழந்தவள், மிஷின் தைத்துப் பிழைக்கிறவள், வாய்க்குப் பூட்டில்லாதவள். ஒரு நாள் எருமையின் கொம்பில் அவள் தைத்து வைத்திருந்த ஜாக்கெட் மாட்டிக்கொண்டு குட்டை வரைக்கும் போய் வந்தது. அவள் நேரே கொட்டகைக்குப் போய்க் கத்தினாள்.

தணிகாசலம் அசரவில்லை. "இன்னாமே கத்தற? பதினோரு வூடு கீது, பதினோரு வாய் கீது. நான் யார்கிட்ட பேசறது? உங்க சந்துக்குன்னு ஒரு தலைவரு இருந்தா இட்டுக்கினு வா, பேசலாம்" என்றான்.

தலைவர்! இந்தச் சொல் காதில் விழுந்ததும் பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்று சாயங்காலமே சந்து ஜனங்களைக் கூட்டினார். தேர்தல் வைக்க வேண்டும், இது ஜனநாயக காலம் என்றார். வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று ஆரம்பித்தார். "தண்ணி சுமக்குறது யாரு?" என்று சண்முகவடிவு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்பது அந்த நிமிஷமே அமலுக்கு வந்தது. எண்ணிப் பார்த்ததில் இருபத்து மூன்று பேர். பிள்ளை ஒரு வேட்பாளர். "நானும் நிக்கிறேன்" என்று அமீனா பீ சொன்னதும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

பத்து நாள் பிரசாரம். பிள்ளை தினமும் குழாயடியில் நின்று தன் வெளிநாட்டுக் கொள்கையை விளக்கினார்.

"நாம் சின்ன தேசம். இரண்டு பக்கமும் பலசாலிகள். யார் முகத்திலும் அடித்தாற்போல் பேசக் கூடாது. எருமைக்கும் தலையாட்ட வேண்டும், குதிரைக்கும் தலையாட்ட வேண்டும். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு!"

ஜனங்கள் சொக்கிப் போய்க் கேட்டார்கள். அமீனா பீயோ, "நான் வந்தா எருமையும் வேணாம், குதிரையும் வேணாம்னு சொல்லுவேன்" என்றாள். அவள் பிரசாரம் அதோடு சரி.

பிள்ளை வீடு வீடாகப் போனார். "உங்களுக்குத்தான்" என்றார்கள் எல்லாரும். இருபத்தொரு பேர் வாக்கு! மனைவியைக் கேட்காமலே அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அமீனா பீயும் வீடு வீடாகப் போனாள். அவளுக்கும் இருபத்தொரு பேர் வாக்குக் கொடுத்தார்கள். சண்முகவடிவு உட்பட.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டு. வெளி ஆள்தான் நடத்த வேண்டும் என்று, லஸ்ஸில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த அம்பியைக் கூட்டி வந்தார்கள். ஒரு புடவையைக் குறுக்கே கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு பானை. மஞ்சள் துணி சுற்றியது பிள்ளைக்கு, நீலத் துணி சுற்றியது அமீனா பீக்கு. ஆளுக்கு ஒரு சீட்டு.

பிள்ளை தன் சீட்டோடு புடவைக்குப் பின்னால் போனார். போனவர் திகைத்து நின்றார். தன் பெயருக்குத் தானே போட்டுக்கொள்வதா? பந்தியில் பாயசத்தைத் தானே எடுத்து ஊற்றிக்கொள்கிற மாதிரி அல்லவா இருக்கும்! கொடுக்காய்ப்பட்டியில் மந்திரியாக இருந்தவன் செய்கிற காரியமா அது? எதிராளிக்குப் போடுவதுதான் மரியாதை. அவளும் அதே மரியாதையைத் திருப்பிச் செய்வாள், கணக்கு நேராகிவிடும். எப்படியும் இருபத்தொரு பேர் கையில் இருக்கிறார்கள். தாராள மனசோடு நீலப் பானையில் போட்டுவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்.

பத்து மணிக்கு அம்பி பானைகளைத் திண்ணையின் மேல் கவிழ்த்தான். கவிழ்த்தவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"என்னய்யா இது அநியாயம்! எல்லாம் பாதிப் பாதியான்னா இருக்கு?"

உண்மைதான். மஞ்சள் பானையில் இருபத்தோரு அரைச் சீட்டு. நீலப் பானையில் இருபத்தோரு அரைச் சீட்டு. சந்து ஜனங்கள் அத்தனை பேரும் சீட்டை நடுவில் கிழித்து இரண்டிலும் போட்டிருந்தார்கள்.

"ஏன் இப்படிக் கிழிச்சேள்?" என்று அம்பி அலறினான்.

மூன்றாம் வீட்டுப் புஷ்பம்தான் பதில் சொன்னாள். "பிள்ளைவாள்தான் சொன்னாரு, யாரையும் பகைச்சுக்கக் கூடாதுன்னு. ரெண்டு பேரு மூஞ்சிலயும் நாளைக்கு முழிக்க வேணாமா?"

எல்லாரும் பெருமையோடு தலையாட்டினார்கள். பிள்ளைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இத்தனை நல்ல சீடர்கள் சமஸ்தானத்தில்கூட அவருக்கு வாய்த்ததில்லை.

அம்பி விரலை மடக்கி எண்ணினான். "ஆளுக்குப் பத்தரை. ஆனா முழுச் சீட்டு ரெண்டு இருக்கு. ரெண்டும் நீலப் பானைல. அந்த அம்மா பன்னெண்டரை, பிள்ளை பத்தரை. அமீனா பீ ஜெயிச்சாச்சு."

"ஒண்ணு நான் போட்டது. எனக்குத் தண்ணி வேணும், எனக்கே போட்டுக்கினேன். இதுல இன்னா வெக்கம்?" என்றாள் அமீனா பீ. "இன்னொண்ணு யாரு?"

மெதுவாக எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. சண்முகவடிவின் பக்கம்.

"நான் இல்லே! நானும் கிழிச்சுத்தான் போட்டேன்" என்றாள் அவள்.

யார் நம்புவார்கள்? "கட்டின புருஷனுக்கே எதிரா..." என்று புஷ்பம் தாடையில் கை வைத்தாள். பாஷாவோடு வேடிக்கை பார்க்க வந்த தணிகாசலம் "அய்யய்யே" என்றான். சண்முகவடிவின் முகம் சுண்டிப் போயிற்று, கண்ணில் நீர் முட்டியது.

பிள்ளை யோசித்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பும். மனைவிதான் கவிழ்த்தாள் என்று ஊர் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படும். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"மேற்படி சீட்டு விஷயமாகப் பல்வேறு யூகங்கள் நிலவுகின்றன. அவற்றை உறுதி செய்யவோ மறுக்கவோ..." என்று ஆரம்பித்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நிறுத்தினார்.

"நான்தான் போட்டேன்" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பேசிய முதல் நேர் வாக்கியம் அது. சந்தே குலுங்கிச் சிரித்தது. அம்பி சிரித்ததில் கண்ணாடி பானைக்குள் விழுந்தது.

அமீனா பீ மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. "தணிகாசலம், நாளைலேர்ந்து உன் எருமை தொட்டிலே வாய் வெக்கக் கூடாது. பாஷா பாய், உங்க குதிரையும்தான். வேற வழியாப் போங்க" என்றாள்.

பிள்ளைக்குப் பகீரென்றது. போர் மூளப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"சர்தான்" என்றான் தணிகாசலம்.

"அச்சா" என்றார் பாஷா.

பிள்ளை கண்ணைத் திறந்தார். "அவ்வளவுதானா? நாலு மாதமாக நான் எவ்வளவு பேசினேன்! ஒப்பந்தம் எழுதினேன்! அப்போதெல்லாம் ஏனப்பா ஒப்புக்கொள்ளவில்லை?"

"நீ எங்க சாமி வேணாம்னு சொன்ன?" என்றான் தணிகாசலம் நிஜமான ஆச்சரியத்தோடு. "கூப்ட்டுக் கூப்ட்டுக் காப்பி குடுத்த. உனக்கு எருமைன்னா உசுருன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

அதற்கு மேல் அங்கே நிற்க அவரால் முடியவில்லை. வீட்டுக்குள் போய் ஊஞ்சலில் உட்கார்ந்தார். தோற்றது கூடப் பெரிதில்லை. இருபத்தொரு பேரில் ஒருத்தராவது முழுசாகத் தன்னை வேண்டும் என்று நினைக்கவில்லையே, அதுதான் நெஞ்சை அறுத்தது. சண்முகவடிவு மோர் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு தலை நிமிராமல் கேட்டார்.

"நீயும் கிழிச்சுட்டியே, வடிவு."

"கிழிச்சேன். தினமும் அவ கூடத்தான தண்ணி பிடிக்கணும்?" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆனா சரிபாதியாக் கிழிக்கலே. உங்க பக்கம் கொஞ்சம் பெரிசா வரும்படிப் பாத்துத்தான் கிழிச்சேன்."

பிள்ளை மோரைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு பெரிசு?"

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் ஒரு நெல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டுக் காட்டினாள்.