அட்டையைப் புரட்டி வைக்கவும்

பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தபோது போன் ஒரு சத்தம் போட்டது. ஸ்டெல்லாவிடமிருந்து மின்னஞ்சல். பெயரைப் பார்த்ததும் விஜயராணியின் கையில் ஊக்கு அப்படியே நின்றுவிட்டது. சண்டைக்கு வந்துவிட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்குக் காரணம் ஸ்டெல்லா அல்ல, சண்டைக்கு ஆயத்தமாக இருந்தது விஜயராணிதான். வில்லியனூரில் தன் வீட்டு முன்னறையில் தைத்துக்கொண்டே, ‘ராணியின் கத்தரி’ என்று ஒரு வலைப்பூவும் நடத்துகிறாள் அவள். ஜாக்கெட் வெட்டுவதைப் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கும் வலைப்பூ. தவளக்குப்பம் கூட்டுரோட்டில் கடை வைத்திருக்கும் ஸ்டெல்லாவும் அதே மாதிரி ஒன்று நடத்துகிறாள், வாசகர்கள் அங்கே இன்னும் அதிகம். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. போன வாரம் ஸ்டெல்லாவின் பதிவொன்றில் தான் வரைந்த பிரின்சஸ் கட் ஜாக்கெட் படத்தைப் பார்த்த நிமிடத்திலிருந்து விஜயராணிக்கு மூக்குக்கு மேல் கோபம். ‘கத்தரியைத் திருடலாம், கைத்திறமையைத் திருட முடியுமா?’ என்று தலைப்பே போட்டு, பெயரைச் சொல்லி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு பதிவு எழுதிவிட்டாள். வெளியிட விடாமல் தடுத்தவன் அவள் புருஷன் குமரவேல். “ரெண்டு நாளு ஆறப்போடு ராணி, அப்பால போட்டுக்கலாம்” என்றிருந்தான். அது இன்னும் வரைவில் கிடந்தது.

மின்னஞ்சலைத் திறந்தாள். ‘அக்காவுக்கு வணக்கம்’ என்று தொடங்கியிருந்தது. கழுத்துக்குச் சுருக்கம் விழாமல் பட்டி வைப்பதை உங்களைப் படித்துத்தான் கற்றேன், இத்தனை நாள் ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை, மன்னிக்கவும். உங்கள் படம் ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறேன், கீழே உங்கள் பெயரும் சுட்டியும் கொடுத்திருக்கிறேன், ஆனாலும் முதலில் கேட்டிருக்க வேண்டும், வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன். இப்போது எழுதுவது வேறு விஷயம். பின்னூட்டத்தில் எழுதினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று தனியாக எழுதுகிறேன். நேற்று ஓர் அம்மா கடைக்கு வந்தார்கள். உங்கள் பட்டு ஜாக்கெட் பதிவைப் பார்த்து வெட்டினார்களாம். படம் இணைத்திருக்கிறேன்.

படத்தில் ஒரு மஞ்சள் பட்டு ஜாக்கெட். இரண்டு கையும் வலது கை.

விஜயராணி பாவாடையை ஓரமாக வைத்தாள். தன் பதிவைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சேலையோடு வரும் ஜாக்கெட் துணி சின்னது, சரிகைக் கரை ஓர் ஓரத்தில்தான் இருக்கும், மடித்து வெட்ட முடியாது. அதனால் கை அளவுக்கு அட்டை வெட்டி, கரையோரமாக வைத்து ஒரு கை வெட்டு, பிறகு பக்கத்தில் வைத்து இன்னொன்று வெட்டு என்று எழுதியிருந்தாள். இரண்டாவது கைக்கு அட்டையைப் புரட்டி வைக்க வேண்டும் என்ற வரி எங்கேயும் இல்லை. கையின் முன்வளைவும் பின்வளைவும் வேறு வேறு, புரட்டாமல் வெட்டினால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாகிவிடும். சோறு தின்னும்போது வாயைத் திற என்று யாருக்காவது சொல்வோமா? அவளுடைய கை அந்த அட்டையைத் தானாகவே புரட்டிப் புரட்டிப் பழகி, அப்படி ஒரு வேலை நடக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. சாதாரணத் துணியென்றால் உள்பக்கத்தை வெளிப்பக்கமாக்கிச் சமாளிக்கலாம். பட்டுக்கு அந்தப் பேச்சே இல்லை.

குமரவேலுக்குப் போன் போட்டாள். கம்பெனி இரைச்சலுக்கு நடுவே அவன் கேட்டுவிட்டு, “இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? அந்த ஒரு வரிய உள்ள சொருவிடு. யாருக்குத் தெரியப்போவுது?” என்றான். காதும் காதும் வைத்தாற்போல் முடிகிற காரியம்தான். அவளுக்கும் அந்த ஆசை வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை தன் முதல் இணைய வகுப்பை எடுக்கப்போகிறாள், வலைப்பூவிலும் அறிவித்தாகிவிட்டது. வகுப்பே பட்டு ஜாக்கெட் வகுப்பு. இந்த நேரத்தில், சொல்லிக்கொடுப்பவளே தப்பாகச் சொன்னாள் என்று ஊர் முழுக்கத் தெரிந்தால் யார் வந்து உட்காருவார்கள்?

வரியைச் சேர்ப்பதற்காகப் பதிவின் அடிவரை போனவள் பின்னூட்டங்களைப் பார்த்தாள். கடைசியாக, நேற்று சாயங்காலம் வந்த ஒன்று. ‘அக்கா, நான் பிரியதர்ஷினி, கரையாம்புத்தூர். எங்க அக்கா முகூர்த்த ஜாக்கெட்ட நாளைக்கு நானே வெட்டப்போறேன். டெய்லர்கிட்ட குடுக்கலாம்னு அம்மா சொன்னாங்க. நீங்க எழுதினத அப்படியே நோட்ல எழுதி வச்சிட்டேன், உங்கள நம்பி எறங்கிட்டேன். நன்றிக்கா.’

அந்த நாளை இன்றைக்குத்தான். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டவள் திரும்பவும் வந்து பதிவைப் பார்ப்பாளா? ‘பிரியா, வெட்டாதே, உடனே கூப்பிடு’ என்று பின்னூட்டத்துக்குக் கீழே தன் எண்ணைப் போட்டாள். காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மின்னஞ்சலின் அடியில் இருந்த ஸ்டெல்லாவின் எண்ணை அழுத்தினாள்.

“ஸ்டெல்லாங்களா? நான் வில்லியனூர் விஜயராணி பேசறேன்.”

“அக்கா! தப்பா எடுத்துக்கலயே? ராவெல்லாம் யோசிச்சிதான் எழுதினேன்.”

“தப்பு எம்பேர்ல, நான் இன்னாத்த எடுத்துக்கறது” என்று சொல்லி, கரையாம்புத்தூர்ப் பெண்ணின் கதையைக் கொட்டினாள்.

ஸ்டெல்லா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “என் வாட்ஸ்அப் குரூப்ல அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க நெறைய இருக்காங்கக்கா. மடுகரை, நெட்டப்பாக்கம் எல்லாம் இருக்கு. இப்பவே போட்டுடறேன். ‘பட்டு ஜாக்கெட் கை வெட்டறவங்க கொஞ்சம் நிறுத்துங்க’ன்னு பொதுவா போடறேன். உங்க பேரு வராது, பயப்படாதீங்க.”

அந்தக் கடைசி வார்த்தையில் விஜயராணிக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது. தன்னுடைய வரைவில் கிடக்கும் பதிவில் இவள் பெயர் எத்தனை தடவை வருகிறது! படத்தைப் பார்த்த ஆத்திரத்தில், அதற்குக் கீழே இறங்கி ஒரு வரி படிக்காமல் எழுதியது அது.

“பேரு போடும்மா” என்றாள். “பேரு இல்லாம பொதுவா சொன்னா அந்தப் பொண்ணு வேற யாருக்கோ சொல்றாங்கன்னு வெட்டிக்கினே இருக்கும். ராணியோட கத்தரி, பட்டு ஜாக்கெட் பதிவு, கை தப்புன்னு போடு. லிங்க்கும் போடு.”

“அக்கா, ஞாயித்துக்கெழம உங்களுக்கு கிளாஸ்…”

“போடும்மா.”

போனை வைத்ததும் தன் பதிவுக்குத் தலைப்பிலேயே சிவப்பு எழுத்தில் எழுதினாள். இந்தப் பதிவில் நான் ஒரு வரியை விட்டுவிட்டேன். இரண்டாவது கைக்கு அட்டையைப் புரட்டி வைக்கவும். புரட்டாமல் வெட்டித் துணி வீணானவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், சரிசெய்ய முடிந்ததைச் செய்கிறேன். இதைக் கண்டுபிடித்து, எனக்குத் தனியாக எழுதிச் சொன்னவர் தவளக்குப்பம் ஸ்டெல்லா. அவருக்கு என் நன்றி. ‘மனமார்ந்த’ என்று சேர்த்தாள். மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. எடுத்துவிட்டாள், நன்றி மட்டும் போதுமானதாக இருந்தது. பிறகு வரைவில் கிடந்த பதிவைத் திறந்தாள், படிக்கவில்லை, அழித்தாள்.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்தாள். யூனியன் பிரதேசம் துண்டு துண்டாகக் கிடப்பதால், கரையாம்புத்தூருக்குப் போகும் வழியில் தமிழ்நாடு வருகிறது, போகிறது, திரும்ப வருகிறது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போய் அவள் உயிரை வாங்கியது. அதன் பின்னால் போகும்போது அவள் மனதில் ஓடியதெல்லாம், கத்தரி எங்கே இருக்கிறதோ என்பதுதான். ஒரு தங்கை, அக்காவின் முகூர்த்தத்துக்குத் தானே தைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். இரண்டு வலது கையோடு அந்த ஜாக்கெட் கிடந்தால் கல்யாண வீட்டில் அவளை வாழ்நாளெல்லாம் சொல்லிக் காட்டுவார்கள்.

ஊருக்குள் கல்யாண வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை, வாசலில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. பிரியதர்ஷினியின் அம்மா தனக்கொடி வாசலில் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீதான் அந்த நெட்டு டெய்லரா?”

“ஆமாம்மா. கை வெட்டிட்டாங்களா?”

“ஒண்ணு வெட்டிட்டா. ரெண்டாவதுக்கு கத்திரிய வச்சிட்டா. அதுக்குள்ள நெட்டப்பாக்கத்துலேர்ந்து என் நாத்தனார் பொண்ணு போன் பண்ணி, வெட்டாதடி வெட்டாதடின்னு கத்தறா. அப்ப கீழ வச்சவதான், இன்னும் எடுக்கல.” தனக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “தப்பு பண்ணிட்டு அத்த ஊருக்கே சொல்லிட்டு, வூடு தேடியும் வந்துருக்கியே. ஆனாலும் சொல்றேன்மா, இத மடுகரை டெய்லர்கிட்ட குடுத்துடலாம்னு பாக்கறேன். கல்யாணத் துணி.”

விஜயராணிக்கு நெஞ்சில் பால் வார்த்தாற்போல் இருந்தது. ஒரு கைதான். ஒரு கை மட்டும் வெட்டியிருந்தால் தப்பே இல்லை. டெய்லரிடம் கொடுப்பதாக இருந்தாலும் அவளுக்கு வருத்தமில்லை, கொடுப்பதுதான் நியாயம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அம்மா, அக்காவ உள்ள வரச் சொல்லு.”

கூடத்தில் பாய் மேல் அரக்குப் பட்டு விரிந்து கிடந்தது. பிரியதர்ஷினி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். வெட்டிய ஒரு கை மடியில். சரிகையோரத்தில், காலண்டர் அட்டையில் வெட்டிய அளவு, தேதிப் பக்கம் மேலாக, அதே வலது கைக்கு வைத்தபடியே இருந்தது. சாக்கட்டியால் சுற்றிக் கோடு கூடப் போட்டாகிவிட்டது. கத்தரி நுழையவில்லை, அவ்வளவுதான்.

“நீங்களே வெட்டிக் குடுத்துடுங்கக்கா.”

“நான் வெட்டினா அது என் ஜாக்கெட்டு. உங்கக்காவுக்கு நீ தைக்கறதா இல்ல சொன்ன?”

தனக்கொடி கதவோரம் நின்று பார்த்தாள். மகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே போய் மோர் கொண்டுவந்து விஜயராணியின் பக்கத்தில் வைத்தாள்.

அப்போது போன் அடித்தது, ஸ்டெல்லா. “அக்கா, போய்ச் சேந்துட்டீங்களா? துணி இருக்கா?”

“இருக்கு ஸ்டெல்லா. உன்னாலதான் இருக்கு.” பாயைப் பார்த்தாள். “இரு, வச்சிடாத.”

பிரியதர்ஷினி சாக்கட்டிக் கோட்டைத் தட்டி அழித்தாள். அட்டையை எடுத்து ஒருமுறை விஜயராணியைப் பார்த்தாள். விஜயராணி தலையாட்டினாள். பெண் அட்டையைப் புரட்டினாள். தேதிகள் கீழே போய், வெறும் பழுப்புப் பக்கம் மேலே வந்தது. புதிதாகக் கோடு போட்டாள், மடியில் இருந்த கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், கத்தரியை எடுத்தாள். விஜயராணி போனைப் பாயின் மேல், பட்டுக்கு மிக அருகில் வைத்தாள். கத்தரி சரக்கென்று சரிகைக்குள் இறங்கியது. மறுமுனையில், கூட்டுரோட்டு பஸ்களின் ஹாரனுக்கு நடுவே, ஸ்டெல்லா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.