பிரஷாந்தினி ஏன் ஓடினாள்

போன நவம்பரில் பிருந்தன் செத்துப்போனான். முப்பத்தொன்பது வயது. மாரடைப்பு. குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு விழுந்தவன் எழும்பவேயில்லை.

அவன் மனைவி பிரஷாந்தினிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பஸ்ஸில் இடித்தவர்களில் கோபம், போனில் துக்கம் விசாரித்தவர்களில் கோபம். ஒருநாள் வேலைசெய்யும் முதியோர் இல்லத்தில் தட்டு ஒன்றைச் சுவரில் எறிந்துவிட்டாள். வெளியில் போய் ஓடிப் பார், பாட்டுக் கேள், மரம் தண்ணியைப் பார் என்று அங்கிருந்த சமூகசேவகி சொன்னாள். அதைக் கேட்கவும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் பனி உருகின ஏப்ரலில் சப்பாத்து வாங்கினாள்.

லசாலில் அவளுடைய வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஆறு ஓடியது. காதில் தவில் கச்சேரி. சொல் உள்ள பாட்டு எதுவும் அவளுக்கு ஆகவில்லை. தவில் மட்டும் பின்னால் நின்று துரத்தியது. முதல்நாள் மூன்றாவது விளக்குக் கம்பத்தோடு மூச்சு முட்டி நின்றாள். மே முடிவதற்குள் ஆற்றுத்தண்ணி பாறைகளில் மோதி நுரைக்கிற இடம்வரை ஓடினாள். கரையில் நாரைகள் நிற்கும். அந்த இரைச்சலுக்குள் வாய்விட்டுக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. கத்தினாள். வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் கொள்ளாத நித்திரையைக் கொண்டாள்.

யூனில் ஒரு சனிக்கிழமை காலை, பிருந்தனின் தமையன் அரியரத்தினம் மனைவி கௌரியோடு கர்க்லாண்டிலிருந்து வந்தார். பிரஷாந்தினி ஓட வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஓடுவதை யாரோ படமெடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார்களாம். ஒரு வருசம் முடிந்து ஆட்டைத் திவசம்கூட வரவில்லை, அதற்குள் காதில் பாட்டும் இறுக்கின காற்சட்டையுமா என்று கேட்டார். சனம் கேட்டால் நானல்லவா மறுமொழி சொல்லவேண்டியிருக்கு என்றார். அவள் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"உமக்காக அவன் எவ்வளவு பொறுத்தவன். நெஞ்சு நோவைக்கூட மூண்டு மாசமா உமக்குச் சொல்லாமல்..."

கௌரி அவர் கையைப் பிடித்தாள். பிந்திவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமோ அத்தான்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "நீர் பயப்படுவீர், சொல்லவேண்டாமெண்டவன்."

அவள் கதவை அடித்துச் சாத்திவிட்டு ஓடினாள். போனும் பாட்டும் மேசையிலேயே கிடந்தன. ஆற்றோரத் தெருவில் அவருடைய கார் மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்தது. கண்ணாடியை இறக்கி, ஏறும் பிள்ளை, ஆறுதலாகக் கதைப்பம் என்றார். அவள் நின்றாள்.

"எனக்குச் சொல்லியிருந்தால் அவரைக் கழுத்தில பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பன். வாயை மூடிக்கொண்டு இருந்திட்டியள். நான் ஓடுறதுதான் உங்களுக்கு வெக்கம், என்ன?"

பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். அத்தான் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி அழுதார். அவள் ஆறுதல் சொல்லவில்லை. நுரைக்கிற தண்ணிக்கு முன்னால் போய் நின்று, முதல்முறையாகப் பிருந்தனின் பெயரைச் சொல்லித் திட்டினாள். ஏனடா எனக்குச் சொல்லேல்லை, நான் உனக்கு ஆர் என்று தொண்டை கிழியக் கேட்டாள். பிறகு புல்லில் குந்தியிருந்து அழுதாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டோடு பேச்சில்லை. ஓகஸ்டில் கௌரி அழுதபடி போன் எடுத்தாள். அவர் அடிக்கடி இடக்கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாராம், டொக்டரிடம் வரமாட்டாராம். பிரஷாந்தினி அரைமணித்தியாலத்தில் கர்க்லாண்டில் நின்றாள்.

"வெளிக்கிடுங்கோ அத்தான்."

அவர் மறுக்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் ஐந்து மணித்தியாலம் காத்திருந்தார்கள். இரத்தக் குழாயில் அடைப்பு, நல்லகாலம் நேரத்துக்கு வந்தீர்கள் என்றாள் டொக்டர். தள்ளுகட்டிலில் படுத்திருந்த அத்தான் பிரஷாந்தினியின் கையைத் தேடினார்.

"பிள்ளை, என்னை..."

"இப்ப வேண்டாம்," என்றாள் அவள். "பேந்து கேக்கிறன்."